ஆடிஷன் வீடியோவில் கேட்ட குரல்

கல்லூரி நாட்களில் நாடகத்தில் நடித்தவள் நான். கல்யாணமாகித் தலத்தெரு என்னும் ஊருக்கு வந்து, காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் நடத்தத் தொடங்கியபின் அதெல்லாம் நின்றுபோயிற்று. இணையத்தில் நடிகர்களுக்கென்றே தளங்கள் இருப்பது முப்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. ஒன்றில் எந்தப் படத்துக்கு எந்த வயதில் ஆள் தேவை என்று அறிவிப்பு வரும். இன்னொன்றில் நடித்துப் பழக இலவசமாகக் காட்சிகள் கிடைக்கும். ஏமாற்றுக்காரர்களைப் பற்றி நடிகர்களே எச்சரித்து எழுதும் பக்கம் ஒன்று. வீட்டிலேயே ஆடிஷன் வீடியோ எடுப்பது எப்படி என்று பாடம் நடத்தும் பக்கம் ஒன்று. சென்னைக்குப் போய் அலைய வழியில்லாத எனக்கு அவை பெரிய கதவாகத் தெரிந்தன.

டெல்டா பேச்சு பேசத் தெரிந்த பெண் தேவை என்று ஒரு வெப் தொடருக்கு அறிவிப்பு வந்தது. காட்சியையும் அவர்களே கொடுத்திருந்தார்கள். கணவன் திட்டுகிறான், மனைவி அழாமல் நின்று கேட்டுவிட்டு, கடைசியில் உடைந்துபோகிறாள். கணவனின் வசனத்தை யாராவது கேமராவுக்குப் பின்னால் நின்று படித்தால் போதும்.

என் கணவரைத்தான் கேட்டேன். அரசு அலுவலகத்தில் எழுத்தர். அதிர்ந்து பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை காலை, நீலப் போர்வையைச் சுவரில் கட்டி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றேன். இரண்டு முறை எடுத்தோம். அவர் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார்.

“கொஞ்சம் கோவமாப் படிங்க. அப்பத்தான் எனக்கு வரும்” என்றேன்.

மூன்றாவது முறை அவர் குரல் ஏறியது. வசனம் முடிந்தும் நிறுத்தவில்லை. “பத்து வருசமா பாக்குறேன். இந்த வீட்ல ஒனக்கு எதுலயாவது மனசு ஒட்டியிருக்கா?” என்றார். அது தாளில் இல்லாத வரி. நான் உடைந்து அழுதேன். எடுத்ததில் அதுதான் சிறந்தது என்று அதையே அனுப்பினேன். வீடியோ தளம் ஒன்றில் ஏற்றி லிங்க் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று அந்தப் பாடப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அதை நான் படிக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டேன்.

நான்காம் நாள் பள்ளி ஓய்வறையில் கூட வேலை செய்யும் ஆசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “டீச்சர், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. மனசுல வச்சுக்காதீங்க” என்று கையைப் பிடித்தார். அவர் போனில் என் முகம் அழுதுகொண்டிருந்தது. முன்னும் பின்னும் வெட்டி, ‘காரைக்கால் ஆசிரியைக்கு வீட்டில் நடக்கும் கொடுமை’ என்று மேலே எழுதி யாரோ வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். வசனம் முழுதும் போய், அந்தக் கடைசி வரியும் என் அழுகையும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

அது நடிப்பு என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

மாலைக்குள் வீடியோவைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். நடந்ததை விளக்கி இன்னொரு வீடியோ போட்டேன். ‘மிரட்டிப் பேச வைக்கிறான்’ என்று அதற்குக் கீழே எழுதினார்கள். கணவருடைய அலுவலகத்தில் மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, என் கணவர் வாசலில் நின்றால் என்னிடம் பேசாமலே அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை திருநள்ளாறு பக்கத்திலிருந்து அப்பா வந்தார். அறுவடை நேரத்தில் வயலை விட்டு வரமாட்டார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“துணிமணி எடுத்துக்க. கெளம்பு” என்றார்.

“அப்பா, அது நடிப்புப்பா. இந்தாங்க, எழுதிக் கொடுத்தத பாருங்க.”

தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். என் கணவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அப்பா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“மாப்ள, நீங்க சொன்னது இதுல இல்லையே.”

அந்த வரியை அத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் அப்பா ஒருவர்தான். நானேகூடக் கேட்கவில்லை. நல்ல நடிப்பு கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

“கோவமாப் பேசச் சொன்னா, மாமா. வாயில வந்துருச்சு” என்றார் கணவர். பிறகு என்னைக் காட்டிச் சொன்னார்: “எப்பப் பாத்தாலும் கையில போனோட ஒக்காந்துருக்கா. நான் பேசுறது காதுல வுழறதில்ல. அத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். “அடிச்சாரா?” என்று என்னை மட்டும் கேட்டார். “இல்லப்பா. ஒருநாளும் இல்ல.” அவர் எழுந்து செருப்பை மாட்டினார். “ரெண்டு பேரும் பேசிக்குங்க. ஊர்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தனியாகவே திரும்பினார்.

அன்று நாங்கள் இருவரும் லீவு போட்டோம். பேசினோம் என்று சொல்ல முடியாது. அவர் சொல்ல, நான் கேட்டேன். நான் விட்டுக்கொடுத்தவற்றைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் சோர்ந்துபோயிருந்தார்.

அந்தத் தொடருக்கு என்னை எடுக்கவில்லை. பதிலே வரவில்லை. வீடியோ மட்டும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் என்னைப் பார்க்கும் பார்வையிலிருந்து தெரிந்துகொள்வேன். அந்தத் தளங்களை நான் விடவில்லை. வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. எதிரில் பேசுபவரின் வசனத்தை இப்போது நானே இன்னொரு போனில் பதிந்து ஓடவிட்டு நடிக்கிறேன். நான் நடிக்கும் நேரம் பார்த்து அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார்.