சாகாத மனிதருக்கு ஒரு கல்வெட்டு

நாவல் எழுதுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. நாலு செத்தவீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள் என்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். நான் பழகினது அப்படித்தான்.

கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்தடிக்கும் வேலை எனக்கு. கலியாண அழைப்பிதழும் திருவிழா நோட்டீசும் வரும், போகும். அச்சகத்துக்குச் சோறு போடுவது கல்வெட்டு. வெளியூர் வாசகர்கள் கல்லையும் உளியையும் நினைக்க வேண்டாம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக்கு வந்தவர்கள் கையில் கொடுத்துவிடும் சின்னப் புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். முன்னட்டையில் இறந்தவரின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு பாட்டாக மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். மருமக்கள் எவ்வளவுக்குப் புலம்பலாம் என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை வரும்.

என் அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். எங்கள் வீட்டில் புத்தகம் என்று இருந்ததும் அயலட்டை வீடுகளில் கொடுத்த கல்வெட்டுகள்தான். "செத்தவங்கள குப்பையில போடலாமா" என்று அம்மா அவற்றைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். நான் எழுத்துக்கூட்டி வாசித்ததும், இது என்ன வடிவான தமிழ் என்று மயங்கியதும், முன்பின் தெரியாத ஆட்களுக்காக அழுததும் அவற்றில்தான்.

அச்சகத்துக்கு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மகளோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்து, "தங்கச்சி, இனி நீயே அடிச்சு விடு. செத்தவை எல்லாரும் ஒண்டுதான்" என்றார். அவர் சொன்னதில் அரைவாசி உண்மை. கணினியில் தயார் வசனங்கள் இருந்தன. வந்தாரை இன்முகத்துடன் வரவேற்கும் பண்பாளர். இடப்பெயர்வுகளின்போது சொல்லொணாத் துயரங்களை அனுபவித்தவர். பெயரை மாற்றினால் போதும். மற்ற அரைவாசியைச் சொல்லத்தான் சனம் வரும். கடைசிக் காலத்தில் ஆடுகளோடு மட்டும் பேசிய ஒருவரை "ஜீவகாருண்யம் மிக்கவர்" என்று போடச் சொல்வார்கள். ஓடிப்போய்க் கலியாணம் கட்டிய மகளின் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் வந்து, அவள்தான் எல்லாரிலும் கூட அழுதவள், திரும்பப் போட்டுவிடு என்பார்கள்.

கண்டாவளையிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் அவருடைய கணவரைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னார்: "நல்ல மனிசன் எண்டு எழுதாதை பிள்ளை, ஊர் சிரிக்கும். கூடாத மனிசன் எண்டும் எழுதாதை, பேத்திக்குக் கலியாணம் பேசுறம். ரெண்டுக்கும் நடுவிலை ஏதும் இருந்தால் பாத்து எழுது."

எழுத்தைப் பற்றி இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த நடுவைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான் உருத்திரபுரத்து ஐயா வந்தார்.

சிறுபோக நெல் வெட்டு முடிந்திருந்தது. ஐயா லாண்ட்மாஸ்டர் உழவு மிசினைக் கொண்டுவந்து அச்சக வாசலை மறித்து நிறுத்திவிட்டு, கல்வெட்டு ஒன்று அடிக்க வேண்டும் என்றார். வழமைபோல் குரலைத் தாழ்த்தி, செத்தது என்று சொல்லாமல், ஆர் மோசம் போனது என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார்.

ஏதும் நோய் வருத்தமோ என்று கேட்டேன். முதல்நாளும் வயலில் நின்றதாகவும், மனிசியின் வாயைத் தவிர வேறு வருத்தம் தனக்கு இல்லை என்றும் சொன்னார். சங்கதி இதுதான். அவருடைய கூட்டாளி ஒருவர் இறந்திருந்தார். வாயைத் திறந்தால் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த மாதிரி என்று பேரெடுத்தவர். அவருடைய கல்வெட்டில் "அமைதியே உருவானவர்" என்று வந்துவிட்டது. எங்கள் தயார் வசனங்களில் அதுவும் ஒன்று.

"அவன் அதை வாசிச்சிருந்தால் எழும்பி வந்து ஏசியிருப்பான். எனக்கு அந்தக் கதி வேண்டாம் பிள்ளை. என்ரை பொடியள் ரெண்டும் கனடாவிலை. அவங்கள் போனிலை நாலு சொல்லுச் சொல்லுவாங்கள், நீங்கள் நடுவிலை இன்முகத்தைப் போடுவியள். நான் இருக்கேக்கையே எழுது. என்ரை கண்ணாலை வாசிச்சிட்டுப் போறன்."

அவருடைய ஆசை இவ்வளவுதான். தன்னைப் பற்றி என்ன எழுதுவார்கள், தனக்கென்று யார் யார் வந்து நிற்பார்கள் என்பது தெரியாமல் போகக்கூடாது. மூத்த மகன் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதையும் அன்றைக்கே, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னார்.

சந்தைக்கு வருகிற நாட்களில் எல்லாம் அச்சகத்துக்கும் வந்து கதை சொன்னார். கல்வெட்டில் ஒருவரின் முழு வாழ்க்கைக்கும் ஒன்றரைப் பக்கம்தான் இடம். அவருடைய முதல் சைக்கிளே அதைத் தாண்டி ஓடியது. காட்டுப் பாதையில் யானை தன்னைத் துரத்தியதை, தான் யானையைத் துரத்தியதாக எழுதச் சொன்னார். யார் நம்புவார்கள் என்றேன். "யானை வந்து மறுக்கப்போகுதே?" என்றார். அடுத்த முறை வந்தபோது, தானே யோசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் பயந்து ஆளுக்கொரு பக்கம் ஓடியதாகப் போடச் சொன்னார். கண்டாவளை அம்மா சொன்ன நடு இதுதான் என்று அப்போது பிடிபட்டது. அதன் பிறகு ஒன்றரைப் பக்கக் கணக்கை விட்டுவிட்டேன்.

மனைவி புலம்பலுக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐயாவின் மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். உங்கள் கணவர் இறந்த பிறகு என்ன சொல்லிப் புலம்புவீர்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்பது எப்படிப்பட்ட கேள்வி என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் கத்தியை நிறுத்தவேயில்லை.

"செத்தாப் பிறகு புலம்பி என்னத்துக்கு? இப்ப புலம்புறதை எழுதன்," என்று சொல்லி, சேற்றுக் காலோடு குசினிக்குள் வருவதிலிருந்து தொடங்கினார். பாட்டில் அடங்காத புலம்பல். வசனமாகவே எழுதினேன்.

அடுத்த போகம் விதைத்து வெட்டியும் ஆயிற்று. கட்டாக இருந்த தாள்களைத் தூக்கிப் பார்த்த முதலாளி, இது அந்தியேட்டிக்குக் கொடுக்கிற புத்தகமா, ஆட்களை அந்தியேட்டிக்கு அனுப்புகிற புத்தகமா என்று கேட்டார். கதாநாயகன் வெளியே லாண்ட்மாஸ்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உயிரோடு இருக்கிற ஆளின் படத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கு வைத்து அடித்தால் தன்னுடைய மிசினே நின்றுபோகும் என்றார். தாயிடம் கேள்விப்பட்டு, கனடாவிலிருந்து மூத்த மகனும் என்னைப் போனில் கூப்பிட்டான். கோபத்தைவிடக் கலக்கம்தான் அவன் குரலில் கூட இருந்தது.

"அக்கா, கல்வெட்டு அடிக்கிற கதை இஞ்சை பரவினால் சனம் துக்கம் விசாரிக்க வீட்டை வந்திடும். வாறவைக்கு நான் என்ன சொல்லுறது? அப்பா சுகமாய் இருக்கிறார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டோ?"

அதற்குப் பிறகு ஐயா அச்சகப் பக்கம் வரவில்லை. தேடிப் போனேன். வயல் வரம்பில் இருந்து வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி விடு பிள்ளை. செத்தாப் பிறகு ஆரும் எனக்குச் சத்தமாய் வாசிச்சுக் காட்டட்டும்," என்றார். சிரிக்கவில்லை.

அந்தத் தாள்களை என்ன செய்வது என்று தெரியாமல், கொழும்பில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பிப் பார்த்தேன். வன்னியிலிருந்து வருகிற கதையில் இவ்வளவு சிரிப்பு இருந்தால் வாசகர் நம்பமாட்டார், கொஞ்சம் அழவையுங்கள் என்று பதில் வந்தது. அழவைப்பது என்னுடைய சம்பள வேலை, இது ஓய்வு நேரத்தில் எழுதியது என்று பதில் அடித்துவிட்டு அனுப்பாமல் அழித்தேன்.

கடைசியில் வழி சொன்னவர் முதலாளிதான். மின்சாரம் நின்ற ஒரு மத்தியானம் பொழுது போகாமல் அந்தக் கட்டை எடுத்து வாசித்திருக்கிறார். மின்சாரம் வந்தும் மிசினைப் போடவில்லை. யானை எந்தப் பக்கம் ஓடியது என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆளின்ரை பேரை மாத்து, ஊரை மாத்து, விளக்கை எடு. நாவல் எண்டு போடுவம். நாவலுக்கு ஆள் உயிரோடை இருந்தால் குற்றமில்லை."

அப்படித்தான் நான் நாவலாசிரியை ஆனேன்.

நாவல் என்றால் முடிவு வேண்டும். அதை எப்படி வைக்கட்டும் என்று ஐயாவிடம் கேட்டேன். படம் பார்க்கப் போகிறவனுக்கு முடிவைச் சொல்லுவார்களா, நீயே எழுது, புத்தகம் கைக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டார். நான் எழுதினேன். கல்வெட்டாகத் தொடங்கிய கதைக்கு வேறு முடிவு எனக்கு வரவில்லை.

வெளியீட்டு விழாவை உருத்திரபுரத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் வைத்தோம். அழைப்பிதழைப் பழக்கதோசத்தில் கறுப்புக் கரையோடு அடித்துவிட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வெள்ளை உடுப்பில் வந்தார்கள். ஒருவர் ஐயாவின் மனைவியின் கையைப் பிடித்து, எப்படி நடந்தது என்று விசாரித்தார். "அவரையே கேளுங்கோ, அந்தா முன் வரிசையிலை," என்று அவர் காட்டினார். பெயரை மாற்றினால் ஆளைத் தெரியாது என்று நாங்கள் நம்பியிருந்தோம். யானை மாறவில்லையே. ஊருக்கே தெரிந்திருந்தது.

தலைமை தாங்கியவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர். அந்தியேட்டி வீடுகளில் பேசிப் பேசியே பேரெடுத்தவர். புத்தகத்தை வாசித்திருக்கவில்லை, ஆனால் உருக்கமாகப் பேசினார். கதாநாயகனை "அன்னார்" என்று குறிப்பிட்டார். அது எங்கள் மேடைகளில் இறந்தவருக்கு மட்டும் உள்ள மரியாதை. அன்னாரின் பிரிவால் இந்த மண் ஒரு நல்ல விவசாயியை இழந்து நிற்கிறது என்று சொல்லும்போது, அன்னார் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முதற் பிரதியை ஐயா மேடைக்கு வந்து வாங்கினார். படத்துக்கு நிற்க வேண்டிய நேரம். ஆனால் எங்கள் சனத்துக்குக் கல்வெட்டு எது கையில் வந்தாலும் பின்னாலிருந்து பிரிக்கிற பழக்கம். நன்றி சொல்லும் பக்கம் அங்கேதான் இருக்கும். தங்கள் பெயர் விடுபட்டதா என்று பார்த்த பிறகுதான் செத்தவர் யார் என்று முன்னுக்குப் போவார்கள். முடிவைச் சொல்லாதே என்று கட்டளை போட்ட மனிதரின் கை தன்பாட்டில் கடைசிப் பக்கத்தைப் பிரித்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடையிலேயே நின்று தன் சாவை வாசிக்கத் தொடங்கினார்.

படம் எடுக்க வந்தவன் கமராவை இறக்கினான். அபசகுனம் என்று அவர் அந்தப் புத்தகத்தை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினால், எழுதியது அத்தனையும் அவ்வளவுதான். அவர் ஒரு விரலை வரியின் கீழே வைத்து மெதுவாக வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. என் பக்கம் குனிந்தார்.

"மூத்தவன் வந்தவனே?"

"ஓம் ஐயா. ரெண்டு பேரும் வந்தவை."

"பிளேன் பிந்தேல்லையோ?"

"பிந்தேல்லை."

"அவனோ கொள்ளி வைச்சது?"

"ஓம்."

மிச்சத்தையும் வாசித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு அதிபரின் கையிலிருந்த மைக்கை வாங்கி, சபையைப் பார்த்து, "நல்ல சாவு. எல்லாரும் வாங்கி வாசியுங்கோ," என்றார்.

சனம் கைதட்டுவதா, அழுவதா என்று தெரியாமல் கொஞ்சநேரம் தடுமாறி, பிறகு இரண்டையும் செய்தது.

கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து, கனடாவுக்கு இரண்டு பிரதி தபாலில் போட வேண்டும் என்றார். முன்னால் ஏதும் எழுதிக் கையெழுத்து வைக்கட்டுமா என்று பேனையை எடுத்தேன்.

"முன்பக்கம் வாசிக்க அவங்களுக்கு எங்கை நேரம்," என்றார். "கடைசிப் பக்கத்திலை மூலையை மடிச்சு அனுப்பு."