பதினாறு வலைகளின் முறை

எங்கள் குப்பத்தில் வழி தவறிப் போனவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். முறை தவறிப் போனவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். பழவேற்காடு ஏரியில் எங்கள் ஆட்களுக்கு இறால் ஓடும் இடங்கள் மூன்று உண்டு. அவற்றைப் பாடு என்போம். வலைகளோ பதினாறு. எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்பதுதான் முறை. அது எழுத்தில் கிடையாது, மனப்பாடம்தான். சந்தேகம் வந்தால் என் சித்தப்பாவைக் கேட்பார்கள். வாயிலிருக்கும் வேப்பங்குச்சியை எடுக்காமலே சொல்லிவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது சித்தப்பாவின் ஒரே குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. அவர் அழவில்லை. மனத்தைத் தேற்றிக்கொண்டார் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் அவருக்குத் தூக்கம் போயிற்று. கிழமை மறந்தது. வலைக்கு எத்தனை கழி வேண்டும் என்று என் அப்பாவிடம் வந்து கேட்டார். ஒருநாள், பதினாறு வலைக்காரர்களில் ஒருவரான மீசைக்கார மாமாவின் முறையன்று அவருடைய பாட்டில் போய்த் தன் வலையைக் கட்டிவிட்டார்.

"புத்தி கெட்டவனுக்கு முறை இன்னாத்துக்கு?" என்று மாமா ஊர்த் தலைவரிடம் போய் நின்றார். புது முறை போடும் நாளில் சித்தப்பா பதினாறையும் தன் வாயால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரை முறையிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. முறை இல்லாதவனுக்கு ஏரியில் இடமில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான்.

காத்து கறுப்பு என்று வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். பிறகு சித்தி அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மாத்திரைகளோடு திரும்பியவள் என் அம்மாவிடம் சொன்னாள்: "புத்தி எங்கியும் போவலியாம்க்கா. துக்கம் அது மேல குந்திக்கினு இருக்குதாம். அது எறங்குனா தானா வந்துடுமாம்."

முதலில் தூக்கம் வந்தது. அப்புறம் பசி வந்தது. முறை மட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் சித்திக்கும் மூளை குழம்பிவிட்டது. மீன் கழுவிக்கொண்டே முறையைச் சத்தமாகச் சொல்லுவாள், எல்லாம் தப்பு. மூன்றாவது வலையை ஐந்தாவது என்பாள். என் அப்பாவையே தப்பான பாட்டுக்கு அனுப்புவாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் திருத்தப் போனேன். செதில் ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தினாள்.

பத்து நாள் போயிருக்கும். பாயில் படுத்திருந்த சித்தப்பா, "அது இன்னிக்கு இல்லடி, நாளைக்கு" என்றார்.

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. "அப்ப இன்னிக்கு யாரு?" என்று மட்டும் கேட்டாள். கழுவிய மீனையே மறுபடி கழுவினாள்.

அதன் பிறகு ஒருநாள் இரண்டு வலை சொல்லுவார், ஒருநாள் ஏழு. சில நாள் ஒன்றும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சித்தி மட்டும் விடாமல் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முறை போடும் நாளில் அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். பெண்கள் நாங்கள் தள்ளி நின்றோம். பழைய வரிசையையே ஒரு வலை தள்ளிவைத்துத் தலைவர் முதலில் புது முறையைச் சொல்லி முடித்தார். பிறகு சித்தப்பாவைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் ஒவ்வொரு விரலாக மடக்கி மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினொன்று முடிந்ததும் நின்றுவிட்டார். சித்தி என் தோளை வலிக்கும்படி பிடித்தாள்.

"அவ்ளோதான். பாத்தீங்களா?" என்றார் மீசைக்கார மாமா.

"இரு மச்சான்" என்றார் சித்தப்பா. தலைவர் பக்கம் திரும்பினார். "பன்னண்டாவது வலை இவரோடது. நீங்க அத்த உட்டுட்டு பதினஞ்சுதான் சொன்னீங்க."

கூட்டம் விரல்களை மடக்கிப் பார்த்தது. பதினைந்துதான். சித்தப்பா எப்போது தடுமாறுவார் என்று காத்திருந்ததில் மாமா தன் வலை விட்டுப்போனதையே கவனிக்கவில்லை. மிச்சம் நான்கையும் சித்தப்பா மடமடவென்று சொல்லி முடித்தபோது எழுந்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்தன. "பேஜாரா பூட்ச்சே நைனா" என்று முனகிய மாமா, தன் பீடிக் கட்டைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

வீட்டுக்குப் போகும்போது, அதிகம் பேசாத நான் அன்று துணிந்து பேசினேன். "சித்தி, இனிமே நீ முறை சொல்லாத. ஒருநாள்கூட நீ சரியா சொல்லல."

"ஆமாண்டி, எனக்கு ஏது அந்தப் புத்தி" என்று சித்தி சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறந்தது அவளுக்கும் குழந்தைதான் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை. சாயங்காலம் சித்தப்பாவிடம் போய், அந்த மாத்திரையில் ஒன்றைச் சித்திக்கும் கொடுங்கள் என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.