தொட்டுப் பார்க்கச் சொன்ன காலம்

போன வாரம் முழங்காலில் சுற்றிக் கட்ட மெடிக்கல் ஷாப்பில் பேண்டேஜ் துணி வாங்கினேன். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்ததும் வெளுத்த பருத்தியின் வாடை வந்தது. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாடை. எனக்கு அது தேவதானம் பக்கத்து மாந்தோப்பு. வலியை மறந்து துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பல வருஷத்துக்கு முன்னால் இராஜபாளையத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் எனக்கு வேலை. பள்ளிப் பிள்ளைகளை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய் மரம், பூச்சி, ஓடை என்று காட்ட வேண்டும். ஒரு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சாம்பல் அணிலைத் தேடிக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்போம். மறு வாரம் தேவதானம். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் வேலையை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அம்மா, "டீச்சர் மாதிரி" என்று சொல்லி வைத்திருந்தாள். வந்தவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை, பெண்ணையும் கேட்கவில்லை.

எங்களிடம் 'கைக்கண்' என்று ஒரு விளையாட்டு இருந்தது. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவள் தரையில் கிடக்கும் எதையாவது எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைப்பாள். தொட்டே சொல்ல வேண்டும். கண் கட்டுவதற்கு பேண்டேஜ் தறிகளில் மிஞ்சும் துண்டுத் துணி; எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே கிடையாது. "நல்லா அமுக்கிப் பாரு, மோந்து பாரு" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டே போவேன்.

தேவதானத்து மாந்தோப்புக்காரரிடம் ஒரு வெள்ளை நாய் இருந்தது, எங்கள் ஊர்ச் சாதி நாய்தான். ஒரு முறை போனபோது அதைக் காணவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்துவிட்டதாகச் சொன்னார். கொழுப்புத் தடவிய உருண்டை, உள்ளே வெடிமருந்து. நாய்க்குத் தாடையே இல்லாமல் போய், இரண்டு நாள் கிடந்து செத்திருக்கிறது.

"வச்சதெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கந்தாம்மா. இங்கன ஒண்ணும் பயமில்ல" என்றார்.

நாங்கள் உச்சுக்கொட்டினோம். நாய் பாவம் என்று பேசிக்கொண்டே வேனில் ஏறினோம்.

அடுத்த மாதம் சோழபுரத்துப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வந்தார்கள். தோப்பு அன்றைக்கு என்னவோ மாதிரி இருந்தது. மயில் சத்தம் இல்லை. மரத்தடிகளில் பன்றி கிண்டிய மண் ஈரம் காயாமல் கிடந்தது. நான் அதையும் பாடமாக்கிவிட்டேன்: பாருங்கள், பன்றி மூக்கால் உழுகிறது, அதனால் விதை மண்ணுக்குள் போகிறது. பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

விளையாட்டு தொடங்கியது. கூட வந்த டீச்சர் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார். முத்துமாரி என்றொரு வாயாடி, நானும் கண்ணைக் கட்டியே ஆக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். கட்டிக்கொண்டேன். கையில் என்னவோ வைத்தாள். எலுமிச்சம்பழம் அளவு. மேலெல்லாம் சணல் நூல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. ஏதோ பூச்சியின் கூடு என்று நினைத்து, பெரிய ஆள் மாதிரி மூக்குக்குக் கொண்டுபோனேன். ஆட்டுக்கொழுப்பு வாடை. விரல்களில் பிசுபிசுப்பு.

கட்டைவிரல் அதை அமுக்கப் போனது அப்படியே நின்றது.

எங்கே எடுத்தாய் என்று கேட்டேன்.

"அந்தா அந்த மரத்தடியிலக்கா. மூணு கெடந்துச்சு. ஒண்ணு ராணி கையில வச்சிருக்கு. ஒண்ணு அங்கனயே கெடக்கு."

பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையை அசைக்க முடியாது. கண் கட்டியிருக்கிறது. எங்கேயோ ஒரு பிள்ளை, நான் சொல்லிக்கொடுத்தபடியே அதை நன்றாக அமுக்கிப் பார்க்கப் போகிறது. கத்தினால் பதறிக் கீழே போட்டுவிடுவாள்.

முத்துமாரியிடம் என் கண்கட்டை அவிழ்க்கச் சொன்னேன். பிறகு செம்போத்துப் பறவை மாதிரி கூப்பிட்டேன். 'ஊப் ஊப்' என்று நான் குரல் கொடுத்தால் எல்லாரும் சிலையாக நிற்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. என் செம்போத்து சளி பிடித்த மாடு மாதிரி இருக்கும், எப்போதும் சிரிப்பார்கள். அன்றைக்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் நின்றார்கள். என் உருண்டையைக் குனிந்து மண்ணில் வைத்துவிட்டு நடந்தேன்.

ராணி கண்கட்டோடு நின்றாள். உருண்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இருந்தது.

"கறி வாடை அடிக்கிக்கா. நூல உரிச்சுப் பாக்கட்டா?" என்றாள்.

வேண்டாம் கண்ணு என்று சொல்லி, அவள் கைகளை என் கையால் ஏந்தி மெல்லப் பிரித்து, உருண்டையை எடுத்து மண்ணில் வைத்தேன். ராணிக்கு அன்று பதின்மூன்று வயது இருக்கும். நகத்தில் மருதாணி போட்டிருந்தாள்.

வந்த தடத்திலேயே வரிசையாக நடத்தி வேனில் ஏற்றினோம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிற்பாடு போலீஸ் ஆட்கள் வந்து மண்ணில் வைத்த இரண்டையும் எடுத்துப் போனார்கள். மூன்றாவதை முத்துமாரி காட்டிய மரத்தடியில் தேடினார்கள்; தோப்பு முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை. வெடித்த சத்தம் எதுவும் அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது அந்தத் தோப்பில் மரம் இல்லை. பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள்.

அறக்கட்டளை அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது. வேனை விட்டு இறங்கியதும் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லும் முதல் பேச்சு, தரையில் கிடக்கும் எதையும் தொடாதே என்பது. கடைசியாக நான் கூட்டிப்போன கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் ஒரு காயின் முன்னால் குந்தியிருந்தாள்.

"அக்கா, இதத் தொட்டா ஒண்ணும் செய்யாதுல்லா?"

வெறும் புங்கங்காய். பக்கத்திலேயே மரம் நின்றது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தொடாமல் பார் என்றேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.