கலங்கி வந்த ஓடை

காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்ததற்கு மறு வருஷம், சித்திரை மாதம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் என் அத்தானுக்கு வேலை. அக்காவைப் பார்க்கக் காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரியிலிருந்து முதல் முறையாக மலை ஏறினேன்.

வீட்டுக்குக் கீழே ஒரு ஓடை. எங்கள் ஊரில் தண்ணீர் கரைக்குள் அடங்கி, சத்தமில்லாமல் போகும். இது சின்ன ஓடைதான், ஆனால் பாறைக்குப் பாறை குதித்து இரைந்தது. ஓரிடத்தில் கணுக்கால்கூட நனையவில்லை. இரண்டடி தள்ளி இடுப்பளவு பள்ளம். சின்ன மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து, இடம் மாறாமல் நீந்தின.

"இது எங்கேருந்துக்கா வருது?"

"மேலேருந்துதான். கீழேருந்தா வரும்?" என்று அக்கா சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் அக்கா ஓடை நடுவிலிருந்த தட்டைப் பாறையில் துணி துவைத்தாள். அவளுடைய நாலு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் காலாட்டினாள். எங்களுக்கு நல்ல வெயில். மலை உச்சிப் பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது. மீன்களையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒன்றையும் காணோம். தண்ணீர் தேநீர் நிறமாயிற்று. சருகும் நுரையும் மிதந்து வந்தன. எங்கள் ஊர்ப் பக்கம் அரசலாற்றில் தண்ணீர் திறந்துவிடும்போது முதலில் இப்படித்தான் வரும்.

"எந்திரிக்கா, புதுத்தண்ணி வருது!"

"மழையே இல்ல, எப்படிடி வரும்? இன்னும் ரெண்டு துணிதான்."

வாதாடத் தோன்றவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். அவள் வீறிட்டு அழுதாள். மகள் அழுகிறாளே என்றுதான் அக்கா கோபமாகப் பின்னாலேயே வந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்று கேட்கும்போதே, மேலே பல வண்டிகள் உருளுகிற மாதிரி சத்தம். செம்மண் குழம்பாகத் தண்ணீர் பாய்ந்து வந்தது. பாறை மறைந்தது. துணியும் கூடையும் போயின. கல்லோடு கல் மோதுவது எங்கள் காலடித் தரையில் அதிர்ந்தது. அக்கா குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் ஆவல் தாங்காமல் போய்ப் பார்த்தேன். ஓடை ஒன்றும் நடக்காதது போலத் தெளிவாக ஓடியது. அக்கா துவைத்த பாறையைத்தான் தேட வேண்டியிருந்தது. ஆளுயரக் கல் ஒன்று அதன்மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

நாம் வெயிலில் நிற்கும்போதே, எங்கோ மேலே பெய்த மழை நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். அதனால் இன்றைக்கும் எந்தத் தண்ணீரில் கால் வைத்தாலும், அது வருகிற திசையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.