பத்தொன்பது நாள் செயற்கைக்கோள்

மின்விசிறியை நிறுத்தச் சொன்னார் மேடம். பங்குனி மாதக் காலை, பத்தரை மணி. செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த எங்கள் பொறியியல் கல்லூரியின் மூன்றாவது மாடியில் ஆறு பேர் வியர்த்து உட்கார்ந்திருந்தோம். பத்தொன்பது நாளாக எங்கள் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும்போதெல்லாம் அந்த அறையின் ஒலிபெருக்கியில் சில்வண்டு கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் ஒருவர் தவறாமல் டீ வாங்கப் போவார். இருபதாம் நாள் அந்தச் சத்தம் வரவில்லை. விசிறிச் சத்தத்தில் காதில் விழாமல் போயிருக்குமோ என்று நினைத்துத்தான் அதை நிறுத்தச் சொன்னார். பத்து நிமிடம் இரைச்சல் மட்டும் கேட்டது. ஓராண்டு வேலை செய்யும் என்று நம்பி அனுப்பியது, மின்கலம் செயலிழந்து ஊமையாகிவிட்டது.

மேடம்தான் அந்தத் திட்டத்தின் தலைவர். என்னைவிட நான்கு வயது இளையவர். சமிக்ஞைகளை வாங்கும் தரைநிலையத்தைக் கவனித்துக்கொண்ட எனக்கு அதில் ஆரம்பத்தில் கொஞ்சம் கசப்பு உண்டு, ஒளிப்பானேன். மேடம் பாலாற்றங்கரைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வந்தவர். கல்லூரியில் எழுத்துத் தமிழ் போலப் பேசுவார். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும். "முடியாதுன்னு சொல்றவங்க அத எழுதிக் குடுக்கட்டும்" என்பார் அடிக்கடி. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. சூட்கேஸ் அளவிலான அந்தப் பெட்டியை மூன்று வருடத்தில் கட்டி முடித்தது அப்படித்தான்.

சத்தம் நின்ற வாரமே நிர்வாகம் கூப்பிட்டது. இறுதி அறிக்கையில் 'தோல்வி' என்று எழுதி முடித்துவிடுங்கள், அந்த அறை தேர்வுப் பிரிவுக்கு வேண்டும் என்றார்கள். மேடம் நின்றுகொண்டே பதில் சொன்னார். "ஒரு வருஷம் இருக்கணும்னு நெனச்சோம், இருக்கல. அத எழுதறேன். படம் எடுத்துச்சு, அதையும் எழுதறேன். தோல்வின்னு மட்டும் எழுத மாட்டேன்." அவர் அப்படிச் சொன்னபோது எனக்கே வீம்பாகத்தான் பட்டது. வந்து சேர்ந்த படங்களில் பாதி மேகம், மீதி கலங்கல். ஒன்றே ஒன்று பளிச்சென்று இருந்தது: திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கரை.

அந்த ஒரு படத்தைத் தேடி ஆள் வருவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊழியர் குடியிருப்புக்கு வாரம் இரண்டு நாள் மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தர் இருந்தார். நெம்மேலிக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரர். செயற்கைக்கோள் பற்றி எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறார். ஒருநாள் கூடையை வாசலில் வைத்துவிட்டு நேராக மேடத்திடம் போய், "எங்க குப்பம் தெரியுதா அதுல?" என்று கேட்டார். மேடம் கணினியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வெள்ளை மணலில் அரிசி சிந்தியதுபோல ஒரு வரிசை. அக்கா திரைக்கு மிக அருகே குனிந்து பார்த்தார். அது அவர்களுடைய ஃபைபர் படகுகள் என்று புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கரையோரப் பகுதிக்குப் புதிதாக ஒரு வரைபடம் தயாராகியிருந்தது. ஏதோ ஒரு ஒப்பந்த நிறுவனம் வரைந்தது. அதில் அவர்களுடைய மணல் 'பயன்பாட்டில் இல்லாத நிலம்' என்று இருந்ததாம். அது அப்படியே உறுதியானால் அங்கே சுவர் எழுப்பி விடுதி கட்டலாம். படகைக் கரையேற்ற இடம் இருக்காது. அடுத்த முறை அந்த வரைபடத்தின் நகலை மீன் கூடையோடு கொண்டுவந்தார். ஓரத்தில், வரைவதற்குப் பயன்படுத்திய படத்தின் தேதி பொடி எழுத்தில் இருந்தது. மேடம் படித்துச் சொன்னதும் அக்கா விரல்விட்டு எண்ணினார். "அன்னிக்கிப் புயல் எச்சரிக்கைமா. போட்டெல்லாம் இழுத்தாந்து தெருவுல போட்டுகினு இருந்தோம். அன்னிக்கிப் பாத்துட்டு காலியா கீதுன்னு எழுதிட்டாங்களா?"

அந்த வரைபடத்தின் மீதான கருத்துக் கேட்புக் கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கல்லூரியின் படம் எதுவும் வெளியே போகக் கூடாது என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. எழுதிக் கொடுங்கள் என்று மேடம் கேட்டார், தரவில்லை. முந்தைய நாள் மதியம் ஆய்வகத்துப் பெரிய அச்சு இயந்திரத்தில் அந்தப் படத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போனார். நான் வேறு பேருந்தில் போய், கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரம் நின்றேன்.

அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் மேடையில் படத்தை விரித்துப் பிடிக்க, மேடம் இரண்டு தேதிகளையும் சொல்லி விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நிறுவனத்தின் ஆள் எழுந்து, இது செயலிழந்துபோன செயற்கைக்கோள், மூன்று வாரம்கூட ஓடாதது, இதையெல்லாம் ஆதாரமாக எடுக்க முடியாது என்றார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மேடத்தின் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தூணோரத்திலிருந்தே தெரிந்தது. ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "செத்துட்டவங்க உசுரோட இருந்தப்ப எழுதிக் குடுத்த பத்திரம் செல்லாதா சார்? இது பாத்தது பத்தொன்பது நாளு. பாத்த வரைக்கும் பொய் சொல்லல."

சிரிப்பு நின்றது. அதிகாரி படத்தை வாங்கி மேசையில் விரித்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அளவெடுக்க ஆட்கள் குப்பத்துக்கே வந்தார்கள். இறுதி வரைபடத்தில் அந்த மணல் 'படகு நிறுத்துமிடம்' என்று பதிவானது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்பே கல்லூரி நிர்வாகத்திடமிருந்து மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. மேடம் ஒற்றை வரியில் பதில் எழுதினார்: 'படம் எடுக்கத்தான் அனுப்பினோம், எடுத்ததைக் காட்டினேன்.' விசாரணையில் அச்செடுத்தது யார் என்று கேட்டார்கள். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வீட்டுக் கடன், மகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரு நொடியில் ஞாபகம் வந்தன. மேசையின் ஓரத்தில் பெயர்ந்திருந்த சன்மைக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நான்தான்" என்றார் மேடம். திட்டத்தை மூடினார்கள். அவரை முதலாண்டு வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் இப்போது பழைய மாமல்லபுரம் சாலையில், செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். போன வாரம் மீன்கார அக்கா போன் செய்தார். சதுரங்கப்பட்டினம் பக்கம் அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்த குப்பத்துக்கு இப்போது அதே நிலைமையாம். மேடத்தின் எண் மாறிவிட்டதால் எனக்குப் போட்டதாகச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் பேசியவர் மேடம்தான், நான் இல்லை என்று இழுத்தேன். "தெரியும் சார். நீ பின்னால தூணாண்ட நின்னுகினு இருந்தியே, பாத்தேன்" என்றார் அக்கா. அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

ஊழியர்கள் இத்தகைய கூட்டங்களில் பேசக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அனுமதி கேட்டு எழுதினேன், மறுத்துவிட்டார்கள், எழுத்திலேயே. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் படங்களிலிருந்து நான்கு வருடத்துக் கரையைத் தேடி எடுத்து, கடைத்தெருவில் என் கைக்காசில் அச்சுப் போட்டேன். கூட்டம் நாளைக் காலை. அச்செடுத்தவர் யார் என்று இந்த முறை எவரும் விசாரிக்க வேண்டியதில்லை. படத்தின் கீழே, தேதிக்குப் பக்கத்தில், தூரத்திலிருந்தே படிக்கும் அளவுக்கு என் பெயரைப் போட்டிருக்கிறேன்.