செக்ரட்டரியின் அங்கவஸ்திரம்

என் பீரோவின் கீழ்த்தட்டில், பழைய வேட்டிகளுக்கு அடியில், ஒரு பட்டு அங்கவஸ்திரம் இருக்கிறது. அரக்குக் கரை. கரை நெடுக ஜரிகையில் அன்னங்கள் வரிசையாகப் போகின்றன. ஒரு நுனியிலிருந்து பார்த்தால் முதல் ஏழு அன்னங்களுக்குக் கண் கிடையாது; எட்டாவதிலிருந்து எல்லாவற்றுக்கும் கண் உண்டு. நான் அதை ஒருநாளும் தோளில் போட்டுக்கொண்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்த எடுப்பேன், மறுபடி மடித்து வைத்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி எடுத்தபோது, கூடத்தில் என் மகன் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

சண்டை அமெரிக்காவைப் பற்றியது. அங்கே காசு வாங்கி ஆடுகிறவர்களின் கூடைப்பந்து லீக் ஒன்று இருக்கிறதாம், அதற்குத் தலைமை வகிப்பவரைக் கமிஷனர் என்கிறார்களாம். அந்த மனுஷர் லீக்கையே கெடுத்துவிட்டார், உடனே இறங்க வேண்டும் என்பது என் மகன் கட்சி. அவர் வந்த பிறகுதான் லீக் உருப்பட்டது என்பது எதிர்க்கட்சி. என் மகன் பந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனாலும் கமிஷனர் எதிரில் வந்து நின்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவான் போலிருந்தது. "அந்தாளு ஒரு டீமுக்கு வெல போயிட்டாம்பா" என்றான் என்னைப் பார்த்து. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்" என்றான். கையில் இருந்த துணியோடு நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் இன்னொருவரைப் பற்றியும் இதே பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அது எல்லோருக்கும் தெரியும்படி ஆனதற்குக் காரணமும் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்திலும் ஒரு கூடைப்பந்து லீக் இருந்தது. யாருக்கும் சம்பளம் கிடையாது. எட்டுத் தெருக்கள், எட்டு டீம். காலையில் தறிக்குப் போகிற பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற மைதானத்தில், மாலையில் சவுக்குக் கம்பம் நட்டு, பலகை அடித்து ஆடுவார்கள். நாள் முழுக்கத் தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே வந்துதான் குதிப்பார்கள். இதையெல்லாம் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவரை ஊரே 'செக்ரட்டரி' என்று கூப்பிட்டது. அவர் தொழில் தறிக்கு அட்டை குத்துவது. ஒரு டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை குத்திக் கோத்துக் கொடுப்பார். அந்த அட்டைகள் தறியின் மேலே சுற்றச் சுற்ற, கீழே கரையில் மயிலும் அன்னமும் விழும். எந்த டீம் எந்த டீமோடு என்றைக்கு ஆடுவது என்பதையும் அதே கட்டத்தாளில்தான் போடுவார். பார்ப்பதற்கு அதுவும் ஏதோ சேலைக் கரை மாதிரியே இருக்கும்.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேலை பார்க்கிறவனாக இருந்தேன். நெய்து கொண்டுவருகிற சேலையை மேசையில் விரித்து, குறை இருக்கிறதா, தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. வயது இருபத்தெட்டு. ஊரில் கிழவர்கள்கூட என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பதால் தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது. ஒரு கரையைத் தொட்டால் அது எந்த வீட்டுத் தறி என்று சொல்லிவிடுவேன். உடலையும் கரையையும் சேர்க்கிற கோர்வையில் ஒவ்வொரு கைக்கும் ஒரு அடையாளம் உண்டு, கையெழுத்து மாதிரி. இதை நான் அடிக்கடி நாலு பேர் நடுவில் செய்து காட்டுவேன். அது ஒரு வித்தை என்று எனக்கு நினைப்பு.

லீக்கைப் பற்றிய சண்டையெல்லாம் சங்கத்து வராந்தாவில்தான் நடக்கும். சேலை கொடுக்க வந்தவர்கள் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து செக்ரட்டரியை அலசுவார்கள். பந்து போடும்போது மேளம் அடிக்கக் கூடாது என்றாரே, அது நியாயமா? மழைக்காலத்தில் பாவு காயவில்லை என்று இரண்டு ஆட்டத்தைத் தள்ளி வைத்தாரே, லீக் பெரிதா பாவு பெரிதா? ஒரு தெருவுக்கு ஆடியவன் அதே வருஷம் இன்னொரு தெருவுக்கு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டாரே, இவர் என்ன கலெக்டரா? சாயம் போடுகிறவர் ஒருவர், முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பவர், செக்ரட்டரியை விட்டுக் கொடுக்கமாட்டார். "அவரு ஒருத்தரு மணி அடிக்கிறதாலதான்பா ஆட்டம் முடியுது. இல்லன்னா எட்டு டீமும் எட்டு கடியாரம் வச்சிக்கினு ஆடிக்கினே இருக்க வேண்டியதுதான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த நாள் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

அந்த வருஷத்து அரையிறுதியில் பெரிய காஞ்சிபுரத்து எங்கள் தெரு டீமும் சின்ன காஞ்சிபுரத்து டீம் ஒன்றும் மோதின. நேரம் பார்ப்பதும் பித்தளை மணியை அடிப்பதும் செக்ரட்டரியின் பொறுப்பு. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கடைசி நொடியில் எங்கள் ஆள் எம்பிப் போட்ட பந்து வளையத்துக்குள் விழுந்தது. மணியும் அடித்தது. வெளியூரிலிருந்து வந்த ரெஃப்ரி புள்ளி கொடுத்துவிட்டார். எங்கள் ஆட்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். செக்ரட்டரி மெதுவாக எழுந்து வந்து சொன்னார். "மணி அடிச்சப்புறந்தான் பந்து கைய விட்டுது. செல்லாது." அவர் குடியிருந்தது எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. நேரம் பார்க்கிறவர் சொன்னால் அதுதான் முடிவு என்பது விதி. தோற்றோம். நான் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்கும் உள்ளூரத் தெரியும். தெருவே கொதிக்கும்போது அதை யாரிடம் சொல்வது?

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். தோளில் பட்டு அங்கவஸ்திரம், அன்னக் கரை. அவர் பட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற எங்கள் வீடுகளில் சொந்தமாகப் பட்டு வைத்திருந்தவர்கள் குறைவு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது கோர்வையைப் பார்த்தேன். அது எந்தத் தறி என்று உடனே தெரிந்துவிட்டது. எங்களை ஜெயித்த டீமின் கேப்டன் வீட்டுத் தறி.

மறுநாள் வராந்தாவில் அதைச் சொன்னேன். விலைபோய்விட்டார் என்று நான் சொல்லவில்லை. "செக்ரட்டரி தோள்ல கெடந்தது அந்தக் கேப்டன் வூட்டுத் தறி" என்று மட்டும் சொன்னேன், ஒரு சேலையை மடித்துக்கொண்டே, பெரிய விஷயமில்லை என்பதுபோல. மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். நிரப்பிக்கொண்டார்கள். சாயக்காரர் மட்டும், "நல்லா பார்த்தியாபா?" என்று கேட்டார். "என் கண்ணு தப்பாது" என்றேன். அன்று விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சேலை பார்க்கிறவனே சொன்னான் என்றால் வேறு சாட்சி எதற்கு? அந்த வாரம் முழுக்க என்னைச் சுற்றிக் கூட்டம். அடுத்த செக்ரட்டரி நீதான் என்று சிலர் தோளைத் தட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். பாவுக்காரர்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள், தரையில் கஞ்சி சொட்டிய ஈரம் காயவில்லை. செக்ரட்டரி அதே அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் மணி. அவரவர் கத்தி ஓயும்வரை நின்று கேட்டார். பிறகு நேராக என்னிடம் வந்து, தோளிலிருந்து எடுத்து, இதுவரை முதுகுப் பக்கம் மறைந்திருந்த நுனியை என் கையில் வைத்தார்.

"தம்பி, நீ பாக்கறவன். பாத்துச் சொல்லு."

பார்த்தேன். அந்த நுனியில் இருந்த அன்னங்களுக்குக் கண் இல்லை. ஒன்று, இரண்டு என்று ஏழு வரை இல்லை, எட்டாவதில் திடீரென்று கண் வந்திருந்தது. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புது டிசைனுக்கு அட்டை குத்திக் கொடுத்தால், முதலில் ஒரு பாவின் மிச்ச நுனியில் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்காவது ஒரு ஓட்டை விட்டுப்போயிருந்தால் அங்கேயே தறியை நிறுத்தி, அட்டை குத்தியவரை வரவழைத்து, விட்டுப்போன ஓட்டையைக் குத்தவைத்து, மேலே நெய்வார்கள். அப்படி நெய்த குறைத்துணி விற்பனைக்குப் போகாது. எவர் தப்போ அவருக்கே அதைக் கொடுத்துவிடுவது வழக்கம். அவர் அதில் அட்டைகளைச் சுற்றி வைத்துக்கொள்வார். அட்டைத் துண்டு என்று பெயர். அப்போது ஊரில் அட்டைத் தறிகள் சொற்பம். அட்டை குத்துகிற இரண்டு மூன்று பேருக்கும், சில பெரிய தறிக்காரர்களுக்கும், சங்கத்தில் என்னைப் போன்றவனுக்கும்தான் இந்த வழக்கம் தெரியும். அந்தக் கேப்டன் வீட்டுத் தறிக்கு அட்டை குத்திக் கொடுத்த மனிதர், ஒரு கல்யாணத்துக்குப் போகப் பட்டு இல்லாமல், தன் தப்பையே மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கண் தப்பாது என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "அந்த வூட்டுத் தறிதாண்ணே" என்றேன்.

"தறி சரி. துணி என்னா துணின்னு சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குத் தப்பாக வந்த கட்டத்தாளைப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. அவரே சொல்லியிருக்கலாம், சாயக்காரர் நம்பியிருப்பார், இன்னும் பத்துப் பேர் நம்பியிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான். பார்க்க வேண்டியவன் பார்த்துச் சொன்னால் அது முடிவு என்று நினைத்து வாழ்ந்தவர் அவர். தன் மணிக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும் என்று கேட்டவர், என் வார்த்தைக்குத் தானும் கட்டுப்பட்டார். துணியை மடித்தார், மணியை நடுக்கோட்டில் வைத்தார், போய்விட்டார்.

மணி என்னிடம் வந்தது. அடுத்த வருஷம் நான்தான் செக்ரட்டரி. நான் அடித்த மணியை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு டீமும் தன் பக்கத்தில் ஒரு கடிகாரக்காரனை நிறுத்தியது. சாயக்காரர் வேடிக்கையாகச் சொன்னது அப்படியே நடந்தது. இரண்டாவது வருஷம் ஒரு ஆட்டத்தில் மண்டை உடைந்தது. அதற்கப்புறம் யாரோ கம்பங்களைப் பிடுங்கி அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டுத் தெரு ஆட்களும் மாலையில் போக இடமில்லாமல் ஆனார்கள். செக்ரட்டரி மைதானம் இருக்கிற தெருவையே விட்டுவிட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தார். வழியில் பார்த்தால் "நல்லா கீறியா தம்பி" என்பார். நிற்காமல் நடப்பார். ஒருநாள் போய்ச் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைப்பிலேயே ஏழெட்டு வருஷம் போய்விட்டது, அவரும் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு அவர் மகள் சங்கத்துக்கு ஒரு மூட்டையோடு வந்தாள். அப்பா குத்திய அட்டைகள் வீட்டில் கிடந்து வீணாக வேண்டாம், சங்கத்துக்கு ஆகட்டும் என்றாள். மூட்டை கட்டியிருந்த துணி அந்த அங்கவஸ்திரம். "துணி நல்லாகீது மாமா. ஆனா அப்பா ஏன் இத மறுபடி போடவே இல்லன்னு தெரியல. இதுல என்னா கொற?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்வது என் வேலை. இரண்டாவது முறையாகவும் அந்த நுனி என் கையில் இருந்தது. பட்டு பழசும்மா, நைஞ்சுபோச்சு என்றேன். அட்டைகளைச் சங்கத்தில் வைத்துவிட்டு, துணியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் போனை வைத்த பிறகும் நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். அவன் அடுத்த சண்டைக்குப் போனில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தான். நான் மடியில் துணியை விரித்து ஏழு அன்னங்களையும் வரிசையாகத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அது என்னா துணிப்பா?" என்று கேட்டான்.

ஐம்பது வருஷம் கழித்து அதே கேள்வி.

"அட்டைத் துண்டு" என்றேன்.

அவன் அதற்குள் மறுபடி போனில் குனிந்திருந்தான்.

"அப்டின்னா?" என்றான்.