போணிக்கு ஆகாத கை

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல்காரர். போன மழைக்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல வந்து, ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேலையை விட்டுவிட்டேன் என்றார். நான் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். எந்த வேலையை என்று கேட்டேன். அவருக்கு வேறு எத்தனை வேலை இருந்தது என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

"ரோட்டு மேல ஒரு டிபன் கடை போடப் போறேன்," என்றார்.

"என்னத்துக்கு?"

"தோணுச்சு."

அவ்வளவுதான் பதில். கால் கழுவப் போய்விட்டார்.

நாங்கள் இருந்தது பள்ளிக்கூடம் கொடுத்த குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, பின்பக்கம் ஒரு பேரிக்காய் மரம், துணி காயப்போட வெயில் விழுகிற ஒரு மூலை. இந்த ஊரில் வெயில் விழுகிற மூலை கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குத்தான் வந்தேன். மகளைப் பெற்றது, வளர்த்தது, வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்தது எல்லாம் அங்கிருந்துதான். வேலை போனால் வீடும் போகும். அவருக்கு என்னவோ தோன்றியதில் என் கூரையும் சேர்ந்து போனது. காரணம் இன்னதென்று தெரிந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு பாத்திரங்களை மூட்டை கட்டலாம். தெரியாமல் எப்படிக் கட்டுவது?

காரணம் சொல்லாதவர் என்றும் அவரைச் சொல்ல முடியாது. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அதுதான் தொல்லை. வத்தலக்குண்டிலிருந்து வந்த மகளிடம், முட்டி வலிக்கிறது, ஹாஸ்டல் அண்டாவை இனிமேல் இறக்க முடியாது என்றார். என் அண்ணனிடம், சீசனில் கார் வரிசைகட்டி நிற்கிறது, யாவாரத்துக்குப் பஞ்சமில்லை என்றார். கோயிலில் ஃபாதர் கூப்பிட்டு விசாரித்ததற்கு, கடைசிக் காலத்தில் சொந்தமாக ஏதாவது செய்ய ஆசை என்றார். மூன்றையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். மூன்றும் நம்பும்படிதான் இருந்தன. மூன்றையும் அவர் ஒரே முகத்தோடுதான் சொன்னார். முட்டி வலிக்கிற ஆள் எதற்குக் காலையிலிருந்து தோசைக்கல் முன்னால் நிற்க ஆசைப்படுகிறார் என்று கேட்டேன்.

"நிக்கறது வேற, தூக்கறது வேற," என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. சரி, ஊரில் மற்றவர்கள் எதற்குத்தான் கடை போடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் இவரும் பிடிபடுவார் என்று நினைத்தேன். அது ஒரு கிறுக்குத்தனம். அவர் பிடித்திருந்த இடம் வத்தலக்குண்டு ரோட்டில், ஊருக்குள் நுழைவதற்கு முந்திய ஒரு வளைவில், ஒரு தகரக் கொட்டகை. அதன் சொந்தக்காரர் வட்டக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறார். சாவி வாங்கப் போனபோது, கெஸ்ட் ஹவுஸ் எதற்குக் கட்டினீர்கள் என்று அவரிடமே கேட்டேன்.

"என் தம்பி மொதல்ல கட்டுனான். அவன் கட்டிட்டு நான் கட்டலைன்னா நல்லாருக்குமா?" என்றார். வாடகைக்கு ஆள் வருகிறதோ இல்லையோ, தம்பியினுடையதைவிட ஒரு மாடி உயரமாக இருப்பதில் அவருக்குத் திருப்தி.

கொட்டகைக்கு அடுத்த கடையில் ஒரு அக்கா ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார். அவரிடமும் கேட்டேன்.

"வீட்டுல பேச ஆளில்லப்பா. மருமக போனுக்குள்ள கெடக்கா. இங்க வந்தா நாலு சனம் வந்து வெல கேக்கும். வாங்குதோ இல்லையோ, கேக்குதுல்ல?"

"அக்கா, அப்ப லாபம்?"

"அது வந்தா வரட்டும். அது அதோட சோலி, இது என் சோலி."

யாரைக் கேட்டாலும் பணத்துக்கு என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனவள், போனதைவிட அதிகமாகக் குழம்பித் திரும்பினேன். என் வீட்டுக்காரருக்குப் போட்டி போடத் தம்பியும் இல்லை, வீட்டில் பேச ஆள் இல்லாமலும் இல்லை. நான் பேசுகிறது போதாதா?

டிசம்பர் குளிருக்கு முன்னால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். வாடகை வீட்டில் வடக்குச் சுவர் முழுக்க ஈரம். என் தையல் மெஷினை எந்த மூலையில் போட்டாலும் சக்கரம் துருப்பிடித்தது. துணி காயவில்லை. ஈரப் பாவாடையை அடுப்பு மேல் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில் வாய்விட்டு அழுதேன். அவர் பார்த்தார். இன்னொரு பாவாடையை எடுத்து அவரும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதாவது காரணத்தைச் சொல்வார் என்று பார்த்தேன்.

கடை திறக்கிற நாள் வெள்ளனே போய்க் கூட்டிப் பெருக்கினோம். ஃபாதர் வந்து கடையை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டு, பூசை இருக்கிறது என்று வெரசாகக் கிளம்பிவிட்டார். இட்லி வெந்திருந்தது. சாம்பார் கொதித்து மணந்தது. இனி போணிதான். எங்கள் ஊரில் எந்தக் கடையானாலும் அன்றைய முதல் விற்பனை யார் கையால் ஆகிறது என்று பார்ப்பார்கள். நல்ல கை போணி பண்ணினால் அன்று முழுக்க யாவாரம் ஓடும். முதல் ஆள் வாங்காமல் போனால் அந்த நாளே போச்சு. புதுக்கடை என்றால் கேட்கவே வேண்டாம். இதில் எங்களைப்போல வேதக்காரர், இந்துக்கள் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ராசியான கையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெளியே தேடுவானேன் என்று, நான் முந்தானையில் ஒரு புது நோட்டை முடிந்து கொண்டுபோயிருந்தேன். அவிழ்த்து நீட்டினேன். எத்தனை மனத்தாங்கல் இருந்தாலும் அதை நான்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவர் கையை நீட்டவில்லை.

"நீ வேணாம்," என்றார்.

சாக்லேட் கடை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர், பார்க்காததுபோல் டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார். அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் கையைப் போணிக்கு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டு வந்தாயிற்று, ஈரச் சுவரைப் பார்த்தாயிற்று, கடைசியில் என் கைக்கு ராசியும் இல்லையா? நோட்டை மறுபடி முடிந்துகொண்டேன். 

கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இட்லி மட்டுந்தானாண்ணே? புரோட்டா இல்லையா?"

"இல்லப்பா. இட்லி, தோசை, சாம்பார்."

"அப்ப வேணாம்ணே." போய்விட்டார்.

 முதல் ஆள், புதுக்கடை, வாங்காமல் போகிறான். திரும்பிப் பார்த்தால் இந்த மனுஷர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஜீப் வளைவில் மறைகிறவரை பார்த்துச் சிரிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"புத்தி கெட்டுப் போச்சா ஒங்களுக்கு? போணியாகாமப் போறான், சிரிக்கிறீக."

"வேணாம்னுட்டுப் போறான் பாத்தியா?" என்றார். ஏதோ விருது வாங்கின குரலில் சொன்னார். "ஹாஸ்டல்ல மணியடிச்சா வருவாங்க. தட்டுல விழுந்ததத் தின்னுட்டுப் போவாங்க. இத்தன வருசத்துல ஒரு புள்ள வேணாம்னு எந்திரிச்சுப் போனதில்ல. போக முடியாதுல்ல, வாசல் கேட்டப் பூட்டிருக்கும். நான் நல்லாச் சமைக்கிறனா, மோசமாச் சமைக்கிறனான்னே எனக்குத் தெரியல புள்ள. போகக்கூடிய ஆளு, போகாம ஒக்காந்து திங்கணும். அதப் பாக்கணும் எனக்கு."

இதுவா காரணம்? இதற்காகவா என் பேரிக்காய் மரம் போனது? கோபப்படுவதா, பாவப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது.

"அதுக்கு என் கையி என்ன பண்ணுச்சு? ராசியில்லாத கையா?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "ராசியா? அதச் சொல்லல. நீ வாங்குனா அது யாவாரமா? நீ என்னைய விட்டுட்டு எங்க போவ?"

ஆசையாகத்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும். பிறகு ஒரு வேன் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், தின்றார்கள், கடை நடந்தது. அந்த வாக்கியம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எங்க போவ? பாத்திரம் கழுவும்போது அதை இனிப்பாகக் கேட்டேன். மெஷினுக்கு எண்ணெய் விடும்போது அதே வாக்கியம் பூட்டுப் போடுவதுபோலக் கேட்டது. ஹாஸ்டல் பிள்ளைகளோடு சேர்த்து என்னையும் அவர் அந்தக் கேட்டுக்குள்தான் வைத்திருக்கிறாரா? அவர் சமையலையே தின்று பாதி ஆயுள் போனது. அதுவும் கணக்கில் வராதா?

மறுநாள் அவர் கடைக்குப் போன பிறகு ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு கிளம்பினேன். மகள் வீட்டுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வத்தலக்குண்டு பஸ் அந்த வளைவில் கைகாட்டினால் நிற்கும். கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். பையோடு நான் நிற்பதை அவர் பார்த்தார். கரண்டி கையில் அப்படியே இருந்தது. கூப்பிடவில்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை.

பஸ் வந்தது. நான் கைகாட்டினேன். நின்றது.

"ஏறுங்கம்மா, வெரசா," என்றார் கண்டக்டர்.

படியில் ஒரு கால் வைத்தேன். ஜன்னலோரத்தில் இடம்கூட இருந்தது. ஆனாலும் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினாய் என்று பிறகு கேட்ட மகளிடம், பஸ்ஸில் கூட்டம் என்று சொன்னேன். சாக்லேட் கடை அக்காவிடம், சீருடை தைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதை மறந்துவிட்டேன் என்றேன். இரண்டையும் ஒரே முகத்தோடுதான் சொன்னேன். எது நிஜம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கண்டக்டர் ஏதோ திட்டிக்கொண்டே விசில் அடித்தார். பஸ் போனதும் ரோட்டைக் கடந்து கடைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் வந்து மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"என்னங்க வேணும்?" என்றார். என்னை அவர் 'ங்க' போட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு இட்லி."

முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த நோட்டை நீட்டினேன். வாங்கி, அதாலேயே சிலுவை போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னும் போணியாகல," என்றார். "நீங்கதான் மொத."